தினமும் பாக்கெட்டில் இருக்க ஒரு மடக்குக் கத்தி: எதைப் பார்த்து வாங்குவது?

புதுவரவு

வணக்கம். அன்றாடம் பாக்கெட்டில் கிடக்கும்படி ஒரு மடக்குக் கத்தி வாங்கலாம் என்றிருக்கிறேன். வேலை இவ்வளவுதான்: பார்சல் பெட்டி பிரிப்பது, டேப், பிளாஸ்டிக் கட்டுப்பட்டி, நைலான் கயிறு, கேபிள் டை, எப்போதாவது ஒரு பழம். விறகு பிளக்கப் போவதில்லை. தற்காப்புக்கும் அல்ல.

பட்டியல்களைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. லைனர் லாக், ஃபிரேம் லாக், பேக் லாக், பட்டன் லாக் என்று பூட்டுகளே ஏழெட்டு வகை. இரும்பின் பெயர்களோ வண்டி நம்பர் மாதிரி இருக்கின்றன: டி2, 14சி28என், எஸ்35விஎன். எதற்கு எது என்று புரியவில்லை.

கேட்க வேண்டியவை: அலகு எவ்வளவு நீளம் போதும்? பூட்டு கட்டாயமா? வியர்வை அதிகம், பாக்கெட் நனைவதும் உண்டு. அதற்கு எந்த இரும்பு? வீட்டில் இருப்பது சமையலறைக் கத்திக்கான இரட்டைப் பக்கச் சாணைக்கல் ஒன்று மட்டும்தான் (சொரசொரப்பு எண் ஒரு பக்கம் 400, மறுபக்கம் 1000). இன்னொன்று, எனக்கு இடது கைப் பழக்கம். அதனால் எதையாவது ஒதுக்க வேண்டியிருக்குமா?

சாணைக்கல்

பூட்டையும் இரும்பையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். பெரும்பாலோர் அங்கேதான் ஆரம்பிக்கிறார்கள், அதனால்தான் வெட்டாத கத்தியை வாங்கிவிட்டு "என்ன இரும்பு இது" என்று திட்டுகிறார்கள். வெட்டுவது முதலில் அலகின் கனம். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

முதுகுப் பக்கம் 2 முதல் 2.5 மி.மீ. இருந்தால் நீங்கள் சொன்ன வேலைக்குத் தாராளம். 3 மி.மீ. என்றாலும் பரவாயில்லை, வாய் (வெட்டும் ஓரம்) வரைக்கும் நன்றாகச் சரிந்து மெலிந்திருக்க வேண்டும். 4 மி.மீ. கனத்தில் வருபவை பார்க்க முரட்டுத்தனமாக, நம்பகமாகத் தெரியும். அட்டையில் இறக்கிப் பாருங்கள், பாதி வழியில் இறுகிக்கொள்ளும். பழத்தை அது நறுக்காது, பிளக்கும்.

முதுகின் கனத்தைவிட முக்கியமான இன்னொரு அளவு இருக்கிறது, அதை விற்பவர்கள் எழுதுவதே இல்லை. கூர் தீட்டிய பட்டை முடிகிற இடத்துக்குச் சற்று மேலே எவ்வளவு கனம் என்பதுதான் அது. வெர்னியர் காலிப்பர் கையில் இருந்தால் அங்கே வைத்துப் பாருங்கள். 0.25 முதல் 0.4 மி.மீ. வரை இருந்தால் நல்ல வெட்டு. 0.6 மி.மீ.ஐத் தாண்டினால் எவ்வளவு கூராக்கினாலும் ஆப்பு மாதிரிதான் நடந்துகொள்ளும். காலிப்பர் இல்லையா, கூர்ப்பட்டையின் அகலத்தைப் பாருங்கள். ஒரே கோணத்தில் தீட்டிய இரண்டு கத்திகளில் பட்டை அகலமாகத் தெரிவதுதான் கனமானது.

நீளம்: வாய் 70 முதல் 80 மி.மீ. இருந்தால் போதும். 60க்குக் கீழே போனால் பெரிய பழத்தைக் குறுக்கே வெட்டும்போது முனை உள்ளேயே நின்றுவிடும். 90க்கு மேலே போனால் பாக்கெட்டில் குறுக்கே விழுந்து தொடையை உறுத்தும், பக்கத்தில் இருப்பவரும் ஒரு மாதிரி பார்ப்பார். அலகைவிடப் பிடியின் நீளத்தைப் பார்ப்பது நல்லது. நான்கு விரலும் பிடியில் உட்கார வேண்டும். மூன்று விரல் மட்டும் பிடிக்கிற கத்தி, கெட்டியான பட்டியை இழுத்து அறுக்கும்போது உள்ளங்கையில் திரும்பும்.

எடை 100 கிராமுக்குள். மெல்லிய துணிக் கால்சட்டை என்றால் 70 கிராமுக்குள். 150 கிராம் கத்தியை ஆசையாக வாங்கியவர்கள் அதை மேசை டிராயரில்தான் வைத்திருப்பார்கள்.

வடிவம்: முதுகு மெல்லச் சரிந்து முனையில் சேர்கிற டிராப் பாயின்ட் எல்லா வேலைக்கும் வரும். பெட்டி பிரிப்பதுதான் முக்கால்வாசி வேலை என்றால் ஷீப்ஸ்ஃபூட் இன்னும் நல்லது. அதில் வாய் நேர்க்கோடு, முதுகுதான் வளைந்து இறங்கும். முனை தாழ்வாக இருப்பதால் உள்ளே இருக்கும் பொருளைக் கிழிக்காமல் டேப்பை மட்டும் அறுக்கலாம், நேரான வாயைக் கல்லில் தீட்டுவதும் சுலபம். உளி மாதிரி முனை வெட்டிய டான்டோ வேண்டாம், இரண்டு வாய் இரண்டு கோணம் என்று தீட்டும்போது உயிரை வாங்கும். பல் வைத்த வாய் நைலான் கயிற்றை நன்றாக அறுக்கும். ஆனால் உங்கள் தட்டைக் கல்லில் அதைத் தீட்ட முடியாது, ஒவ்வொரு பல்லுக்கும் உருளை வடிவக் கம்பி வேண்டும். கூரான சாதாரண வாயே கயிற்றை அறுக்கும், அதனால் பல் வைத்ததை விட்டுவிடுங்கள்.

திருகாணி

பூட்டு பற்றி நான் சொல்கிறேன். முதலில் உங்கள் ஊர்ச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுங்கள். பூட்டு வேண்டுமா வேண்டாமா என்பதைப் பல இடங்களில் அதுதான் தீர்மானிக்கிறது. பிரிட்டனில் காரணம் சொல்லாமல் பொது இடத்தில் வைத்திருக்கலாம் என்றால், அது மடக்குக் கத்தியாக, பூட்டு இல்லாததாக, வாய் 3 அங்குலத்துக்கு (7.62 செ.மீ.) மிகாததாக இருக்க வேண்டும். ஜெர்மனியில் ஒரு கையால் திறந்து பூட்டிக்கொள்ளும் கத்தியைத் தக்க காரணமின்றிப் பொது இடத்தில் எடுத்துச் செல்லக் கூடாது. ஒவ்வொரு நாட்டிலும் இப்படி ஏதாவது ஒரு கணக்கு இருக்கும். விமானத்தில் ஏறும் நாளில் அளவு எதுவானாலும் கைப்பையில் வேண்டாம், அனுப்பும் பெட்டிக்குள் போட்டுவிடுங்கள்.

இனி வகைகள்.

பூட்டில்லாத ஸ்லிப்ஜாயின்ட்: பிடியின் முதுகில் ஒரு பட்டை வில், அது அலகின் அடியை அழுத்திக்கொண்டே இருக்கும். சுவிஸ் ராணுவக் கத்தி இந்த ரகம்தான். வாய்ப்பக்கம் அழுத்தி வெட்டும்போது அலகு திறக்கும் திசையிலேயே தள்ளப்படுகிறது, அதனால் பூட்டு இல்லாதது ஒரு குறையாகவே தெரியாது. ஆபத்து வருவது குத்தும்போதும், ஆழமாக இறுகிய அலகை ஆட்டி வெளியே இழுக்கும்போதும். அப்போதுதான் முதுகில் விசை விழுந்து அலகு விரல் மேல் மடங்கும். இதை மனதில் வைத்துக்கொண்டால் உங்கள் பட்டியலில் இருக்கும் எல்லா வேலையையும் ஸ்லிப்ஜாயின்டே செய்யும்.

பேக் லாக்: முதுகுப் பக்கம் ஒரு நெம்புகோல், அதன் கொக்கி அலகின் பள்ளத்தில் விழுந்து பூட்டும். இரு கைக்கும் பொது. குறை என்னவென்றால் அந்தப் பள்ளத்தில் பாக்கெட் பஞ்சும் தூசியும் சேர்ந்து இறுகும். கொக்கி முழுசாக விழாது. 'டக்' என்ற சத்தம் மந்தமாகிவிட்டால் அதுதான் அறிகுறி, பல்குத்தும் குச்சியால் சுரண்டி எடுத்துவிடுங்கள். மேலும் கீழும் துளி ஆட்டம் இந்த வகையில் பெரும்பாலும் இருக்கும், பயப்பட வேண்டாம்.

லைனர் லாக்: பிடிக்குள் இருக்கும் மெல்லிய தகடு பக்கவாட்டில் நகர்ந்து அலகின் அடியை முட்டுக் கொடுக்கும். இதை இன்றைய வடிவுக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்கக் கத்திக் கைவினைஞர் மைக்கேல் வாக்கர். இடது கைக்காரருக்கு இதில் இரண்டு தொல்லை. தகடு வலது கைப் பெருவிரலுக்காக அமைந்தது. அதைவிட முக்கியம், இடது கையில் இறுக்கிப் பிடித்துத் திருகும்போது விரல் நுனிகள் அந்தத் தகட்டைத் தள்ளிப் பூட்டை விடுவிக்கும் வாய்ப்பு உண்டு. மூடும்போது பெருவிரல் அலகின் பாதையில் நிற்கும், அது எந்தக் கைக்கும் பொதுவான குறை.

ஃபிரேம் லாக்: அதே தத்துவம்தான். மெல்லிய தகட்டுக்குப் பதில் பிடியின் ஒரு பக்கமே பூட்டாக நகரும். இறுக்கிப் பிடித்தால் பூட்டும் இறுகும் என்பது நன்மை. டைட்டானியம் பிடி நேரடியாக இரும்பில் உராய்ந்தால் ஒட்டிக்கொண்டு விடுவிக்கக் கஷ்டமாகும், அதனால் நல்ல தயாரிப்புகளில் முட்டும் இடத்தில் தனியாக ஒரு எஃகுத் துண்டு திருகியிருப்பார்கள். இதுவும் வலது கைப் பூட்டுதான். இடது கைக்கென்றே செய்தவை உண்டு, ஆனால் அரிது.

குறுக்குக் கம்பிப் பூட்டு: பெஞ்ச்மேட் நிறுவனம் 1998இல் ஆக்சிஸ் என்ற பெயரில் கொண்டுவந்தது. காப்புரிமைக் காலம் முடிந்த பிறகு பல நிறுவனங்கள் வெவ்வேறு பெயர்களில் செய்கின்றன. இரண்டு பக்கமும் நீட்டியிருக்கும் குமிழைப் பின்னால் இழுத்தால் அலகு தளர்ந்து விழும். விரல் எதுவும் அலகின் பாதைக்கு வராது, இடம் வலம் என்ற பேச்சே இல்லை. உள்ளே மெல்லிய கம்பி வில் பக்கத்துக்கு ஒன்று இருக்கும். உடைந்தால் அதுதான் உடையும். ஒன்று போனாலும் இன்னொன்றில் பூட்டு வேலை செய்யும். குமிழ் ஒரு பக்கமாகச் சாய்ந்து நகர்கிறதே என்று தோன்றினால் ஒரு வில் போய்விட்டது என்று அர்த்தம்.

வளையப் பூட்டு: ஓபினெல் கத்தியில் இருப்பது. அலகைத் திறந்து கழுத்து வளையத்தைக் கையால் திருப்ப வேண்டும். 1955இல் வந்த அமைப்பு, 2000இலிருந்து மூடிய நிலையிலும் பூட்டிக்கொள்ளும். இதைவிட எளிய பூட்டு கிடையாது, அலகும் மெல்லியது, சாணைக்கல் சொன்ன கணக்குக்கு அச்சாகப் பொருந்தும். உங்கள் பிரச்சினை நனையும் பாக்கெட். பிடி மரம், தண்ணீர் குடித்தால் உப்பி அலகை இறுக்கிவிடும். அப்படி இறுகினால் நகத்தால் போராடாமல் வளையம் திறந்த நிலைக்குத் திரும்பியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பிடியின் அடிக்கட்டையை மேசை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டுங்கள். நகம் வைத்து இழுக்கும் அளவுக்கு அலகு வெளியே எட்டிப் பார்க்கும்.

சுருக்கமாக, இடது கைக்கு லைனரும் ஃபிரேமும் வேண்டாம். குறுக்குக் கம்பி, பேக் லாக், ஸ்லிப்ஜாயின்ட் மூன்றில் ஒன்று.

நூல்கண்டு

திருகாணி சொன்னதில் ஒரு சேர்க்கை. ஸ்லிப்ஜாயின்டிலும் இடது கைக்குச் சின்ன இடைஞ்சல் உண்டு. நகம் வைத்து இழுக்கும் பள்ளம் அலகின் ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கும், அதுவும் இடது கையில் பிடியை வைத்து வலது பெருவிரல் நகத்தால் இழுக்கிறவருக்காக. பழகிவிடலாம். ஆனால் அலகில் இருபுறமும் துளைத்த ஓட்டை உள்ளதாகவோ, பெருவிரலால் தள்ளித் திறக்க அலகில் இருபுறமும் குமிழ் உள்ளதாகவோ பார்த்தால் அந்தக் கவலையே இல்லை. பாக்கெட் ஓரத்தில் மாட்டும் கிளிப்பை மறுபக்கம் மாற்றத் திருகு ஓட்டைகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். பல கத்திகளில் கிளிப் வலப்பக்கம் மட்டும்தான் உட்காரும்.

இரும்புத்துகள்

இரும்பு பற்றி யாரும் வாய் திறக்காததால் நான் வருகிறேன். சாணைக்கல் அதை 'தள்ளி வை' என்றதில் எனக்கு முக்கால் சம்மதம்தான். கல் ஒன்றுதான் இருக்கிறது, வியர்வை அதிகம் என்று கேட்டவர் சொல்லியிருக்கும்போது இரும்பு தள்ளி வைக்கிற விஷயம் இல்லை.

ஒரு இரும்பில் நான்கு குணம் பார்க்க வேண்டும்: கூர் தேயாமல் நிற்பது, வாய் உதிராத உறுதி, துருப்பிடிக்காமை, தீட்டுவதில் சுலபம். நான்கும் ஒன்றாக உச்சத்தில் கிடைக்காது. ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று குறையும்.

டி2 பற்றி. இதை 'ஏறக்குறைய ஸ்டெயின்லெஸ்' என்று எழுதி விற்கிறார்கள். குரோமியம் சுமார் 12 சதவீதம் என்பது உண்மைதான். ஆனால் கரிமம் 1.5 சதவீதம். அந்தக் கரிமம் குரோமியத்தில் பெரும் பங்கைப் பிடித்துக் கார்பைடு என்ற கடினமான துகளாக்கிவிடும். துருவைத் தடுப்பது கார்பைடில் சிக்காமல் இரும்பில் கரைந்து நிற்கும் குரோமியம் மட்டும்தான், அது டி2வில் போதாது. வியர்வை ஊறும் பாக்கெட்டில் ஈரத்தோடு கிடந்தால் கூர்ப்பட்டையிலும், அலகில் பொறித்த எழுத்துகளைச் சுற்றியும் பழுப்புப் புள்ளிகள் தோன்றும். கார்பைடு பெரிது பெரிதாக இருப்பதால் மிக மெல்லிய வாய் வைத்தால் பொடிப்பொடியாக உதிரவும் செய்யும். அட்டைக்கு நன்றாக நின்று பிடிக்கும், அதை மறுக்க முடியாது. ஆனால் உங்களுக்கு அல்ல.

14சி28என்: ஸ்வீடன் எஃகு. கரிமம் 0.62, குரோமியம் 14, நைட்ரஜன் 0.11 சதவீதம். கரிமம் குறைவு என்பதால் குரோமியம் கரைந்தே நிற்கிறது. நைட்ரஜன் கடினத்துக்கும் துரு எதிர்ப்புக்கும் சேர்த்து உதவுகிறது. கார்பைடு மிகச் சிறியது, அதனால் வாயை எவ்வளவு மெல்லியதாக்கினாலும் தாங்கும். சாதாரணக் கல்லில் பத்து நிமிடத்தில் கூர் வந்துவிடும். எஸ்35விஎன் அளவுக்கு நீண்ட நாள் கூர் நிற்காது. ஆனால் உங்கள் வேலைக்கு இதுதான் என் முதல் தேர்வு.

எஸ்35விஎன் 2009இல் வந்தது: கரிமம் 1.4, வனேடியம் 3, நியோபியம் 0.5 சதவீதம். தூள் உலோக முறையில் செய்வதால் கார்பைடுகள் சீராகப் பரவியிருக்கும். நல்ல இரும்பு, கூர் நிற்கும், துருவும் எளிதில் அண்டாது. சிக்கல் என்னவென்றால் வனேடியம் கார்பைடு உங்கள் கல்லில் இருக்கும் அலுமினியம் ஆக்சைடைவிடக் கடினமானது. கல் சுற்றியுள்ள இரும்பைத்தான் தேய்க்கும், கார்பைடை அல்ல. கூர் வராது என்றில்லை. நேரம் பிடிக்கும், தீட்டும்போது வாயோரத்தில் எழும் பிசிறு லேசில் விடாது. வைரத் தகடு வாங்கத் தயாராக இருந்தால் மட்டும் இந்தப் பக்கம் வாருங்கள்.

மேக்னாகட் (2021, உருவாக்கியவர் லாரின் தாமஸ்) பற்றியும் ஒரு வரி, ஏனென்றால் டி2வுக்கு நேர் எதிர்ப் பாடம் அது. குரோமியம் 10.7 சதவீதம்தான், டி2வைவிடக் குறைவு. ஆனால் குரோமியம் கார்பைடே உருவாகாதபடி கலவையை அமைத்திருப்பதால் அத்தனையும் கரைந்து நிற்கிறது, துரு எதிர்ப்பு டி2வைவிடப் பல மடங்கு மேல். ஆக, சதவீதத்தை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள். வனேடியம் இதிலும் உண்டு, வைரத் தகடு இதற்கும் நல்லது.

கடைசியாகப் பதம், அதாவது அலகைச் சூடாக்கிக் குளிர்வித்துக் கடினமாக்குவது. அலகில் என்ன பெயர் பொறித்திருந்தாலும், பதம் சரியில்லை என்றால் அந்தப் பெயருக்கு மதிப்பில்லை. கடினத்தை அளக்கும் ராக்வெல் சி அளவில் 58 முதல் 60 வரை இருந்தால் 14சி28என் நன்றாக வேலை செய்யும். சுவிஸ் ராணுவக் கத்தி 55-56 வாக்கில்தான் இருக்கும். சீக்கிரம் மழுங்கும், சீக்கிரம் தீட்டலாம், விழுந்தால் வளையுமே தவிர உடையாது. அதுவும் ஒரு நியாயமான தேர்வுதான்.

புதுவரவு

எல்லோருக்கும் நன்றி. 14சி28என், 75 மி.மீ. அலகு, ஷீப்ஸ்ஃபூட், குறுக்குக் கம்பிப் பூட்டு, திறக்க இருபுறமும் குமிழ். இங்கே சட்டத்தில் அதற்குத் தடை இல்லை, பார்த்துவிட்டேன். இரண்டு மாடல் கண்ணில் பட்டிருக்கின்றன. ஒன்றில் பால் பேரிங், மற்றதில் வெண்கல வாஷர். எது நல்லது? கத்தி கைக்கு வந்ததும் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் என்னென்ன சோதித்துப் பார்க்க வேண்டும்?

திருகாணி

வாஷர் எடுங்கள். பேரிங்கில் அலகு வழுக்கிக்கொண்டு திறக்கும், கையில் வைத்து விளையாட நன்றாக இருக்கும். ஆனால் குண்டுகளுக்கு நடுவில் அட்டைத் தூசியும் மணலும் புகுந்தால் நறநறக்கும், பிரித்துத்தான் கழுவ வேண்டும். வாஷர் தட்டையானது, தூசியைப் பெரும்பாலும் வெளியே தள்ளிவிடும். முதலில் கொஞ்சம் இறுக்கமாக இருந்து போகப் போக வழவழப்பாகும்.

கைக்கு வந்ததும் பார்க்க வேண்டியவை, இந்த வரிசையில்:

மூடிய கத்தியை முனைப் பக்கத்திலிருந்து பாருங்கள். அலகு இரண்டு பக்கத் தகடுக்கும் நடுவில் நிற்க வேண்டும். லேசாகச் சாய்ந்திருந்தால் குற்றமில்லை, தகட்டில் உரசினால்தான் குற்றம். உரசினால் அலகின் பக்கத்தில் மெல்லிய கோடு விழுந்திருக்கும்.

மூடிய கத்தியை, அலகு வெளியே வரும் பக்கம் கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்து, மணிக்கட்டைச் சடக்கென்று ஒரு உதறு உதறுங்கள். மெத்தை மேல் வைத்துச் செய்யுங்கள், கால் மேல் வேண்டாம். அலகு அசையக் கூடாது. தானாகத் திறந்தால் மறுபேச்சின்றித் திருப்பி அனுப்புங்கள். பாக்கெட்டுக்குள் திறக்கிற கத்திக்குச் சமாதானம் கிடையாது.

திறந்து, முனைக்கு அருகில் முதுகையும் பக்கத்தையும் பிடித்து இடவலமாக ஆட்டுங்கள். பக்க ஆட்டம் இருந்தால் அது பெரும்பாலும் சுழலச்சுத் திருகின் தளர்ச்சிதான். டி8 நட்சத்திர முனைத் திருப்புளியால் கால்வாசிச் சுற்றுக்கும் குறைவாக இறுக்கிப் பாருங்கள் (சில கத்திகளில் டி6 அல்லது டி10, சரியான அளவு முழுசாக உட்கார்ந்த பிறகே திருகுங்கள், இல்லாவிட்டால் தலை உருண்டுவிடும்). ஆட்டம் போய், அலகும் தாராளமாக அசைகிறதா, சரியாகிவிட்டது. ஆட்டம் போகும் முன்பே அலகு இறுகினால் வாஷர் அல்லது அச்சில் கோளாறு, திருப்பி அனுப்புங்கள்.

அடுத்தது மேல்கீழ் ஆட்டம். இது பூட்டின் ஆட்டம், திருகால் தீராது. அலகின் முதுகைக் கட்டை விளிம்பில் வைத்து, விரல்கள் எல்லாம் அலகு மடங்கும் பாதைக்கு வெளியே இருக்கும்படி பிடியைப் பிடித்து, கையின் சாதாரண பலத்தில் அழுத்துங்கள். பூட்டு விடக் கூடாது, அசைவும் தெரியக் கூடாது. முதுகை மேசையில் ஓங்கி அடித்துச் சோதிப்பதைப் பலர் வீடியோவில் காட்டுகிறார்கள். அது நல்ல பூட்டையும் கெடுக்கும், அன்றாட வேலையில் அப்படி ஒரு அடி விழுவதும் இல்லை.

எல்லாம் சரியென்றால், திருகு தானாகக் கழலாமலிருக்க நீல நிறத் திரெட்லாக்கர் ஒரு துளி. ஒரே ஒரு துளி, திருகின் மரையில் மட்டும். சிவப்பு வேண்டாம், சூடு காட்டாமல் கழற்ற முடியாது. மரையை முதலில் ஸ்பிரிட்டால் துடைத்து எண்ணெய்ப் பிசுக்கை எடுத்துவிட வேண்டும். கிளிப்பின் திருகுகளுக்கும் இதே. கத்தியின் பாகங்களில் முதலில் தொலைந்துபோவது கிளிப் திருகுதான்.

அச்சில் மினரல் ஆயில் இரண்டு பக்கமும் ஊசி முனையளவு. சமையல் எண்ணெய் எதுவும் கூடாது. நாளடைவில் பிசின் போல இறுகி அலகை நகரவிடாது.

சாணைக்கல்

திருகாணி விட்டதைச் சேர்க்கிறேன். வாய் பிடிக்கு அருகே முடியும் இடத்தைப் பாருங்கள். அங்கே ஒரு சின்ன அரைவட்ட வெட்டு இருந்தால் நல்லது, கல் அதுவரை முழுசாகப் போய் வரும். அந்த வெட்டு இல்லாமல், கனமான அடிப்பகுதி வரை வாய் ஓடினால் கடைசி 3-4 மி.மீ. கல்லில் படாது. வருடக் கணக்கில் தீட்டத் தீட்ட அங்கே மட்டும் மேடு நின்று, அடுத்து ஒரு குழி விழும்.

தீட்டுவது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் உங்கள் 400/1000 கல்லே போதும் என்பதால் சொல்லிவிடுகிறேன்.

கோணம் பக்கத்துக்கு 15 முதல் 18 டிகிரி. கருவி வேண்டாம், கணக்குப் போதும். அலகின் அகலம், அதாவது முதுகிலிருந்து வாய் வரை, 25 மி.மீ. என்றால் முதுகைக் கல்லிலிருந்து 7 மி.மீ. தூக்கினால் சுமார் 16 டிகிரி. 20 மி.மீ. அகலம் என்றால் 5.5 மி.மீ. அந்த உயரத்துக்கு நாணயங்களை அடுக்கி அதன்மேல் முதுகைச் சாய்த்து வைத்துப் பாருங்கள், மணிக்கட்டு அந்த நிலையைப் பிடித்துக்கொள்ளும். பிறகு நாணயங்களை எடுத்துவிடுங்கள்.

கூர்ப்பட்டை முழுக்க மார்க்கர் பேனாவால் மை தடவி இரண்டு முறை மெல்ல இழுத்துப் பாருங்கள். மை வாயின் ஓரத்தில் அழிந்தால் கோணம் சரி. மேல் விளிம்பில் மட்டும் அழிந்து, வாயோரம் கருப்பாகவே நின்றால் முதுகு தாழ்ந்திருக்கிறது. இதைத் தவறவிட்டுத்தான் 'ஒரு மணி நேரம் தேய்த்தும் கூர் வரவில்லை' என்கிறார்கள். அவர்கள் தேய்த்தது வாயையே அல்ல.

400இல் ஒரு பக்கத்தை மட்டும், மறுபக்கத்தில் பிசிறு எழும்வரை தேயுங்கள். பிசிறு கண்ணுக்குத் தெரியாது. பெருவிரல் நுனியை முதுகிலிருந்து வாயை நோக்கி, வாய்க்கு வெளியே போகிற திசையில் வழித்துப் பாருங்கள், ஓரத்தில் சுரசுரவென்று தட்டுப்படும். வாயின் நீளவாக்கில் விரலை ஓட்டாதீர்கள். அடியிலிருந்து முனை வரை எல்லா இடத்திலும் தட்டுப்பட்ட பிறகே பக்கம் மாற்ற வேண்டும். மறுபக்கமும் அதே. பிறகு 1000இல் அழுத்தத்தைக் குறைத்துப் பக்கத்துக்கு ஐந்து, மூன்று, ஒன்று என்று மாற்றி மாற்றி. கடைசி இழுப்புகளில் கத்தியின் எடை மட்டும் போதும், கையின் எடை சேரக் கூடாது. முடிவில் பழைய தோல் பெல்ட்டின் உட்பக்கத்தில் முதுகு முன்னே போகும்படி பத்துப் பதினைந்து இழுப்பு.

முனையில் ஒரு எச்சரிக்கை: ஒவ்வொரு இழுப்பும் கல்லின் மேலேயே முடிய வேண்டும். கல்லின் ஓரத்தைத் தாண்டி முனை விழுந்தால் அது உருண்டுவிடும். ஷீப்ஸ்ஃபூட்டில் டேப்பைக் கீறப் பயன்படுவதே அந்த முனைதான்.

இழுத்துத் தீட்டும் இரண்டு சக்கரச் சாதனம் சமையலறையில் இருந்தால் அதன் கண்ணிலேயே இந்தக் கத்தியைக் காட்டாதீர்கள்.

இரும்புத்துகள்

1000 வரை போதும் என்பதை நானும் வழிமொழிகிறேன். அட்டை, கயிறு இரண்டுக்கும் கண்ணாடி மாதிரி மெருகேற்றிய வாயைவிட 600-1000இல் நிறுத்திய சற்றுச் சொரசொரப்பான வாய் நன்றாகக் கடிக்கும். முடியை மழிப்பதை வைத்துக் கூர் பார்ப்பவர்கள் இதை ஒப்ப மாட்டார்கள், விடுங்கள்.

அட்டை ஏன் கத்தியை இவ்வளவு சீக்கிரம் மழுக்குகிறது என்று யாராவது கேட்பதற்கு முன்: மறுசுழற்சிக் காகிதத்தில் மண் துகளும் தாதுப் பொடியும் கலந்திருக்கும். நீங்கள் வெட்டுவது பாதி காகிதம், பாதி உப்புத்தாள். பெட்டியைப் பிரிக்க அட்டையை அறுக்காமல் டேப்பை மட்டும் கீறினால் கூர் இரண்டு மூன்று மடங்கு நாள் வரும். எலுமிச்சை போன்ற புளிப்புப் பழத்தை வெட்டினால் உடனே கழுவித் துடைத்துவிடுங்கள், 14சி28என் ஆனாலும் சரி. முக்கியமாக அச்சுக்குள் சாறு இறங்க விடாதீர்கள், உள்ளே இருப்பது அலகின் இரும்பு மட்டும் அல்ல. திருகும் பூட்டு வில்லும் மட்டமான இரும்பாக இருக்கலாம், துரு முதலில் அங்கேதான் பிடிக்கும்.

புதுவரவு

வாஷர் உள்ளதையே சொல்லிவிட்டேன். கடைசியாக ஒன்று: பெரிய பெட்டிகளைச் சுற்றி இறுக்கியிருக்கும் பிளாஸ்டிக் கட்டுப்பட்டி. கத்தியைக் கீழே நுழைத்து மேலே இழுத்தால் அறுந்ததும் கை முகத்தை நோக்கி வருகிறது. எப்படி அறுப்பது?

நூல்கண்டு

மேலே இழுக்கவே கூடாது. பட்டியைப் பெட்டியின் நடுவில் அறுக்காமல் மூலைக்கு அருகே போங்கள், அங்கே பட்டிக்கும் பெட்டிக்கும் நடுவில் கொஞ்சம் சந்து இருக்கும். அலகைத் தட்டையாகப் படுக்கவைத்து நுழையுங்கள், வாய் உங்களுக்கு எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டும். நுழைந்ததும் மணிக்கட்டைத் திருப்பி வாயைப் பட்டியில் சாய்த்து, பட்டியின் குறுக்கே சாய்வாக, உங்களிடமிருந்து விலகிப் போகும் திசையில் சறுக்குங்கள். இழுவிசையில் இருக்கும் பட்டி பாதி அறுந்ததுமே மீதியைத் தானே பிய்த்துக்கொள்ளும், பலம் வேண்டியதில்லை. மற்ற கையால் பட்டியை வெட்டும் இடத்துக்கு ஒரு சாண் தள்ளி அழுத்திப் பிடித்தால் நுனி துள்ளி முகத்தில் அடிக்காது. நிற்பது பட்டியின் நேர்க்கோட்டில் அல்ல, பக்கவாட்டில்.

கேபிள் டை என்றால் இன்னும் சுலபம். பட்டியை அறுக்க வேண்டாம், தலைக்குள் இருக்கும் சிறு நாக்கை முனையால் லேசாக விலக்கினால் வால் உருவிக்கொண்டு வரும். முனையை அங்கே வைத்து நெம்பாதீர்கள், மெல்லிய முனை நெம்பலில்தான் ஒடியும்.

பட்டி இரும்பு என்றால் கத்தியை எடுக்கவே வேண்டாம், தகரம் வெட்டும் கத்தரி.